துரைக்கு ஒரு பரீட்சை, பிள்ளைக்கு ஒரு பரீட்சை

சிலாங்கூர் ஆற்றங்கரைக் கல்விக் கதை – 17

ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட, ஒரே இனத்தைச் சேர்ந்த பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்ததையும், அந்த விதி கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையிலும், காலையில் பெரட்டுக்குப் பேர் பதிந்துவிட்டு வந்து மிச்ச நேரத்தில் அரிச்சுவடி சொன்ன கிராணியின் கையிலும் எப்படி உருப்பெற்றது என்பதையும் சென்ற இதழில் கண்டோம். அந்தக் கொட்டகையில் இங்கிலீஷ் கிடையாது. சட்டம் அதைக் கேட்கவுமில்லை. அங்கிருந்து புறப்பட்டுப் பட்டணத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதித்த மிகச் சில பிள்ளைகள் வாய் திறந்து பேசிய இங்கிலீஷை, யார், எந்தக் கோலைக் கொண்டு அளந்தார்கள் என்பதே இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

மிகச் சில பிள்ளைகள் என்று சொன்னதற்குக் கணக்கு உண்டு. 1920களின் இறுதியில் சர்க்கார் நிர்ணயித்த கூலி, போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதத்தில் இருபத்தைந்து நாள் தவறாமல் பெரட்டில் நின்றவனுக்கும் பன்னிரண்டரை வெள்ளிக்கு மேல் கிடையாது. அதில் அரிசிக் கடனும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவதைக் கொண்டு, மாதச் சம்பளம் கட்டி, சப்பாத்து வாங்கி, கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ சொந்தக்காரர் வீட்டில் பிள்ளையைத் தங்கவைத்துப் படிக்கவைப்பதென்பது பால்வெட்டுக்காரரின் கனவிலும் வராத காரியம். ஆகவே போனவர்கள் கிராணியின் மகன், டிரெஸ்ஸரின் மகன், கொஞ்சம் கையோட்டமுள்ள பெரிய கங்காணியின் மகன் ஆகியோரே. கிராணிமாரில் யாழ்ப்பாணத்தவர் கணிசமாக இருந்தனர். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் காலந்தொட்டு இங்கிலீஷ் புழங்கிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை, புரிந்தோ புரியாமலோ, அந்தப் பாஷையின் ஓசையைத் தொட்டிலிலேயே கேட்டிருக்கும். கங்காணி மகனோ அதைக் கேட்ட இடம் ஒன்றே ஒன்று: பெரட்டுக்களத்தில், துரை கிராணியை அதட்டும்போது. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

ஆற்றங்கரைத் தோட்டங்களுக்கு எட்டுகிற தூரத்தில், பழமையும் பதிவும் உள்ள இங்கிலீஷ் பள்ளி எதுவென்றால், கோலசிலாங்கூரிலிருந்து சுமார் 40 மைல் தொலைவிலுள்ள கோலாலம்பூர் விக்டோரியா கலாசாலையைத்தான் முதலில் சொல்லவேண்டும். 1893இல் அடிக்கல் நாட்டி, மறு ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பள்ளிக்குப் பெனட் ஷா என்னும் இங்கிலாந்துக்காரர் முதல் தலைமையாசிரியராக வந்து 1922 வரை இருந்தார். அதற்குப் பொருளுதவி செய்து தர்மகர்த்தாக்களில் ஒருவராகவும் விளங்கிய தம்புசாமிப் பிள்ளையின் கதையே, அக்காலத்தில் பேச்சு இங்கிலீஷ் என்ன விலை பெற்றது என்பதற்குத் தக்க சாட்சி. சிங்கப்பூரில் பிறந்து, ராபிள்ஸ் கலாசாலையில் படித்து, டேவிட்சன் என்னும் வக்கீலிடம் குமாஸ்தாவாக அமர்ந்து, அந்த வக்கீல் 1875இல் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக நியமனம் பெற்றபோது அவரோடு கூடவே வந்து, சர்க்கார் கஜானாவிலிருந்து ஈயச் சுரங்கம் வரை கை வைத்ததெல்லாம் துலங்கியவர் அவர். துரை சொல்வது குமாஸ்தாவுக்கும் குமாஸ்தா சொல்வது துரைக்கும் மறுவார்த்தை கேட்காமல் விளங்கியது என்பதே அவ்வளவுக்கும் ஆரம்பம். தோட்டத்துத் தகப்பன் தன் மகனுக்கு வேண்டினதும் அதைத்தான். இலக்கியம் அவன் கேட்கவில்லை.

பேச்சை அளக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனால் இங்கிலாந்தில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. ராபர்ட் லோ என்பவர் 1862இல் அமுலாக்கிய திருத்தக் கோவைப்படி, ஆரம்பப் பள்ளிகளின் மானியம் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பொறுத்தது. வருகைக்கு இத்தனை என்பதோடு, போதிய நாள் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 8 ஷில்லிங். இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதித்து, தவறிய ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்துக்கொள்வார். பிள்ளையின் நாக்குப் புரளாவிட்டால் உபாத்தியாயரின் பணப்பை இளைக்கும் என்ற இந்த ஏற்பாட்டை, தாமே பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு கடுமையாகக் கண்டித்து எழுதினார். வருஷம் முழுவதும் ஒரே வாசகத்தை உருப்போடவைத்து, இன்ஸ்பெக்டர் முன் அதையே வாசிப்பதுபோல் ஒப்பிக்கவைப்பது எவ்வளவு சுலபம் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழையில்லாமல் ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அந்தக் காலத்தில் பிறந்தவையே. பள்ளி மானியத்தைப் பரீட்சைத் தேர்ச்சியோடு முடிந்து போடும் இந்த யோசனை கப்பலேறி, இலங்கைக்கும் சென்னைக்கும் வந்ததுபோலவே, 1872 முதல் பள்ளி இன்ஸ்பெக்டர் என்ற உத்தியோகம் ஏற்பட்டிருந்த ஜலசந்திக் குடியேற்றங்களுக்கும், அங்கிருந்து மலாய் மாநிலங்களுக்கும் வந்தது.

சொந்தத் தாய்மொழியை வாசிக்கும் இங்கிலாந்துப் பிள்ளையே உருப்போட்டுத் தப்பியது என்றால், வேற்றுப் பாஷையை வாசிக்கும் மலாயாப் பிள்ளையைப் பற்றிக் கேட்கவேண்டுமா? உரக்க வாசிப்பதும் ஒப்பிப்பதும் பேச்சுக்குப் பதிலாளாக நின்றன. கப்பல், பனி, ஆட்டுமந்தை ஆகியவற்றைப் பற்றிய பாடத்தை மணிமணியாக ஒப்பித்த பையனிடம், ‘நீ எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறாய்?’ என்று அதே இங்கிலீஷில் ஒரு கேள்வி போட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது வாசகர்களின் ஊகத்துக்குரியது.

இன்னொரு தடங்கலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மலாயாவின் மேல்வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நடத்திய பரீட்சைகளை எழுதினார்கள். வினாத்தாள் அங்கிருந்து கப்பலில் வந்தது. விடைத்தாள் இங்கிருந்து கப்பலில் போனது. முடிவு வரும்வரை ஜூனியர், சீனியர் என்று பேரெடுக்கப் பையன்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எழுத்தைப் பெட்டியில் பூட்டி முத்திரையிட்டு அனுப்பலாம். குரலை எப்படி அனுப்புவது? அளக்கவேண்டியவர் இங்கேயே, இந்த வெயிலிலேயே, பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கவேண்டும். அதனால் எழுத்துப் பரீட்சைக்குக் கிடைத்த பொதுவான அளவுகோல் பேச்சுப் பரீட்சைக்குக் கிடைக்கவில்லை. அங்கே அளவுகோலாக இருந்தது எதிரில் உட்கார்ந்தவரின் காது ஒன்றே. கேம்பிரிட்ஜாருக்கும் அந்நியர் பேசும் இங்கிலீஷை அளப்பது புதிய தொழில்தான். அயல்நாட்டாருக்கென்று அவர்கள் 1913இல் லண்டனில் முதன்முதலாக நடத்திய தேர்ச்சிப் பரீட்சை மொத்தம் 12 மணி நேரம். அதில் சொல்வதெழுதுதலுக்கு அரைமணி, வாசிப்புக்கும் சம்பாஷணைக்குமாக அரைமணி. உச்சரிப்பு சாஸ்திரத்துக்குத் தனியே ஒரு தாள். எழுத வந்தவர்கள் மூன்றே பேர். மூவரும் தவறினார்கள்!

காது என்றேன், யாருடைய காது? 1903 முதல் 1906 வரை ஐக்கிய மலாய் மாநிலங்களின் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த ஆர். ஜே. வில்கின்சன் சாமானியப்பட்ட மனிதர் அல்லர். மலாய்ப் பாஷைக்குப் பேரகராதி தொகுத்தவர். கோலகங்சார் மலாய்க் கல்லூரி 1905இல் பிறந்ததற்கு அவரே காரணபுருஷர். மலாய்ப் பையனின் நாக்கு எங்கே இடறும் என்பதை அவருடைய காது அறிந்திருக்கும். தமிழ்ப் பையனின் நாக்கு இடறும் இடங்கள் வேறு. அவற்றைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் பிள்ளைகள் மார்க்கு இழந்தது பெரும்பாலும் அங்கேதான்.

தமிழில் சொல்லுக்கு முதலில் நிற்கும் வல்லினம் வல்லோசையாகவே நிற்கும். மெல்லினத்துக்குப் பின்னாலோ உயிர்களுக்கு நடுவிலோ வந்தாலன்றி அது மெலிவதில்லை. ஆகவே மேலே மாட்டும் கோட்டும், மேயும் ஆட்டைக் குறிக்கும் இங்கிலீஷ்ச் சொல்லும் தமிழ்ப் பிள்ளையின் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுத்திலும் இரண்டும் ‘கோட்’ தான். உதட்டைப் பல்லால் கடித்து ஊதும் எழுத்து நமக்கு இல்லையாதலால் காபி காப்பியாயிற்று, பீஸ் பீசாயிற்று. மெய்யில் முடியும் சொல்லைத் தொங்கலில் விட மனமில்லாமல் ஓர் உகரத்தைச் சேர்த்துப் பஸ்ஸு, பேங்கு என்போம். சகர மெய்யோடு இன்னொரு மெய் முதலில் வந்து முட்டினால் இகரத்தைப் படியாக வைத்து ஏறி இஸ்கூலு என்போம். இவை அறியாமையின் அடையாளங்கள் என்றே இன்ஸ்பெக்டர்கள் மட்டுமன்றி நம்மவரான உபாத்தியாயர்களும் கருதினார்கள். உண்மையில் இவை ஓர் ஒழுங்கான இலக்கணத்தின் விளைவுகள். வடமொழிச் சொற்களை அரங்கம் என்றும் உலோகம் என்றும் முன்னே ஓர் உயிர் சேர்த்து வரவேற்ற அதே இலக்கணந்தான் ஸ்கூலை இஸ்கூலாக வரவேற்றது.

இன்னும் சொன்னால், தோட்டத்துப் பிள்ளை ஒரு வார்த்தை இங்கிலீஷும் தெரியாமல் பள்ளிக்கு வந்தது என்பதே தவறு. அதன் வீட்டுத் தமிழில் ஸ்டோரு, ஆபீசு, லோரி, டிக்கெட்டு, சிலேட்டு, பென்சிலு, போனசு, டிரெஸ்ஸர், ரப்பரு என்று ஒரு கூடை இங்கிலீஷ் ஏற்கெனவே இருந்தது. பெரட்டே ‘பரேடு’ திரிந்தது என்பர். பாலேந்தும் மங்கு மலாய்க்காரரின் ‘மங்கோக்’. மூன்று பாஷைகளின் சரக்கை ஒரே வாயில் வைத்துப் புழங்கிய அந்தப் பிள்ளையிடம், இவற்றில் உனக்கு எத்தனை தெரியும் என்று கேட்டுத் தொடங்கிய ஓர் உபாத்தியாயர் இருந்திருந்தால், அதற்கு முதல் நாளே நூறு சொல்லுக்கு மேல் மார்க்குக் கிடைத்திருக்கும். மாறாக, அந்த நூறு சொல்லையும் முதலில் மறக்கவேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முதற்பாடம்.

எந்த உச்சரிப்பைச் சரியென்று கொண்டார்கள்? லண்டன் பேராசிரியர் டேனியல் ஜோன்ஸ் தமது உச்சரிப்பு அகராதியை 1917இல் வெளியிட்டபோது, இங்கிலாந்தின் உயர்தர விடுதிப் பள்ளிகளில் படித்த வகுப்பாரின் பேச்சையே மாதிரியாக வைத்தார். அந்த நாட்டிலேயே ஒரு சிறு கூட்டத்தாரின் பேச்சு அது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் துரைமாராக இருந்தவர்களிலோ ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் குறைவில்லை. ரகரத்தை உருட்டிப் பேசும் அவர்கள் இங்கிலீஷைக் கேட்டு வளர்ந்த கிராணி மகன், பட்டணத்துப் பள்ளியில் அதே ரகரத்தை உருட்டினால் அது தமிழ் வாடை என்று திருத்தப்பட்டிருக்கும். துரையிடமிருந்து கற்ற குற்றத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனை!

இனி இந்தக் கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிரியமான பக்கம் அதுவே. பிள்ளை இங்கிலீஷில் வாய்மொழிப் பரீட்சை கொடுத்த அதே காலத்தில், அதே தோட்டத்துச் சின்னத்துரை தமிழில் வாய்மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். 1919இல் கோலாலம்பூரில் அமைந்த தோட்டத் துரைமார் சங்கம் தமிழ்ப் பரீட்சை நடத்தியது. ஆளை வேலை வாங்க வேண்டுமானால் ஆளின் பாஷை வேண்டும் என்பதால், புதிதாக வந்த உதவித் துரைமார் அதில் தேறவேண்டும் என்று கம்பெனிகள் நிர்ப்பந்தித்தன. தேறியவருக்குச் சம்பளமும் பதவியும் ஏறின. மலாயா சிவில் சர்வீஸிலும் தமிழுக்கென்று ஒதுக்கப்பட்ட இளைஞர்களைத் தமிழகத்துக்கே அனுப்பிப் பாஷை பழகவைத்துத் தொழிலாளர் இலாகாவில் அமர்த்தினார்கள்.

அவர்கள் கையில் இருந்த புத்தகங்கள் சுவாரசியமானவை. இலங்கைத் தோட்டங்களுக்கென்று ஏ. எம். பெர்குசன் தொகுத்த சின்னத்துரைக் கையேட்டின் பெயரே ‘இங்கே வா!’ டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் தேயிலை, ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்கு விளங்கும் பேச்சு என்று சொல்லி எழுதிய நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. இலங்கையில் பழகிய துரைமார் பலர் மலாயாவுக்கு வந்தபோது அந்தத் தமிழும் பெட்டியோடு வந்து இறங்கியது. ஏவலும் விலக்கலும் நிரம்பிய தமிழ் அது: வா, போ, எடு, வை, ஏன் வரவில்லை, நாளைக்கு வராதே. ‘நீங்கள்’ என்ற சொல்லுக்கு அதில் வேலை குறைவு. எழுபது வயதுக் கிழவரையும் ஏழு வயதுப் பையனையும் ஒரே ‘நீ’யில் அழைத்த அந்தத் தமிழைப் பேசி ஒரு துரை முதல் வகுப்பில் தேறினார் என்றால், அவரைப் பரீட்சித்தவரின் காதைப் பற்றியும் நாம் ஓர் அபிப்பிராயத்துக்கு வரலாம். நல்ல தமிழ் கற்றவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. ஆர்டன் பாதிரியார் எழுதிய தமிழ் இலக்கணத்துக்கு, ஒலி நூல் வல்லுநர் ஜே. ஆர். பர்த் 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஓர் அனுபந்தம் சேர்த்தார். ழகரத்தையும் ளகரத்தையும் துரைமாருக்கு நாக்கின் நிலை காட்டி விளக்க ஒரு பேராசிரியர் மெனக்கெட்டார். துரையின் உச்சரிப்புப் பிழைக்குக் காரணம் கண்டு அனுபந்தம் எழுதிய சாஸ்திரம், கங்காணி மகனின் பிழைக்குப் பிரம்பை மட்டுமே கண்டது.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் துரைமாரில் ஒருவர் பிரெஞ்சுக்காரர். ஆன்றி பொகோனியே என்ற அவர் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சும் சங்கீதமும் கற்பித்துவிட்டு 1905இல் இந்தப் பக்கம் வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். சுமத்ராவிலிருந்து வந்த எண்ணெய்ப்பனை விதைகளை முதலில் அழகுக்காக நட்டு, பிறகு 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் எண்ணெய்ப்பனைப் பயிர்த்தொழிலைத் தொடங்கியவர் அவரே. ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி லண்டனில் வெளியான அதே ஆண்டு அது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குத் தென்னைமரத்தின் பெயர், அதுவும் பேச்சுத் தமிழில் ஐகாரம் குறுகிய பெயர்! பிரெஞ்சுத் துரையின் காகிதங்களிலும் கம்பெனியின் கணக்குகளிலும், ஆட்களின் வாயிலிருந்து புறப்பட்ட ‘தென்னமரம்’ அப்படியே ஏறி இன்றும் நிற்கிறது; யாரும் அதற்கு மார்க்குக் குறைக்கவில்லை. இங்கிலீஷ் அவருக்கும் இரவல் பாஷைதான். மலாயும் தமிழும் பழகி, தாய்மொழியில் எழுதி, ‘மலேசி’ என்ற நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். அவர் இங்கிலீஷை உச்சரித்த விதத்தை எந்த இன்ஸ்பெக்டரும் வந்து சோதிக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு பரீட்சைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது. துரையின் தமிழ் கட்டளையிடக் கற்றது. பிள்ளையின் இங்கிலீஷ் விடையளிக்கக் கற்றது. கேள்வி கேட்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பரீட்சையில் கேள்வி கேட்கும் உரிமை எதிரில் இருப்பவருக்கே. ‘எஸ் சார்’, ‘நோ சார்’ என்ற இரண்டும் நாக்கில் ஒட்டிக்கொண்ட பையன், படித்து முடித்துக் கிராணியாக அதே தோட்டத்துக்குத் திரும்பிவந்தான். வந்தவன் துரையிடம் ‘எஸ் சார்’ என்றும் ஆட்களிடம் ‘இங்கே வா’ என்றும் பேசினான். இரண்டு பரீட்சைகளிலும் முதல் வகுப்பில் தேறியவன் உண்மையில் அவன்தான்.

இதன் விளைவு 1941இல் வெடித்தது. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் உதவியாசிரியரான ஆர். எச். நாதன். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படிப்பவர்கள் கூலியைப் பற்றிய வரியோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு அடுத்த வரிகளைப் பாருங்கள்: கொடுமை செய்யும் உத்தியோகஸ்தர்களை நீக்கித் தமிழ் பேசும் உத்தியோகஸ்தர்களை அமர்த்தவேண்டும்; பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும்; துரையும் கிராணியும் எதிரில் வரும்போது சைக்கிளைவிட்டு இறங்கத் தேவையில்லை என்று ஆகவேண்டும். எந்தப் பாஷையில் பேசுவது, யாருக்கு முன் எப்படி நிற்பது, பிள்ளைக்கு என்ன படிப்பு என்ற மூன்றும் கூலியோடு ஒரே காகிதத்தில் இடம்பெற்றன. நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. அந்தச் சரித்திரம் தனி அத்தியாயத்துக்குரியது.

யுத்தத்துக்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். மலாய்ப் பள்ளியிலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்கு மாறும் மலாய்ப் பையன்களுக்கு யுத்தத்துக்கு முன்பே தனி வகுப்புகள் இருந்தன; தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுபோன்ற பாலம் ‘ரிமூவ்’ வகுப்பாகப் பிற்காலத்தில்தான் வந்தது. அங்கே ஒரு வருஷம் முழுவதும் பாஷையே பாடம். அதைக் கடந்து வந்தவர்கள் இவ்வட்டாரத்தில் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அடியேனும் ஒரு வாய்மொழிப் பரீட்சை கொடுத்தவன்தான். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் உட்கார்ந்து ஒரு படத்தைக் காட்டினார். கடற்கரையில் குடும்பம் ஒன்று துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ‘என்ன காண்கிறாய்?’ என்றார். ஜெராம் கடற்கரையில் சேறும் நண்டும் மீன்பிடி படகும் பார்த்து வளர்ந்த எனக்கு, மணலில் ஏன் சாப்பிடுகிறார்கள், வீடு இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒரு நாய் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிட்டு ‘தேங்க் யூ சார்’ என்று எழுந்து வந்தேன். நல்ல மார்க்கு வந்தது.

2021ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். பரீட்சையிலிருந்து இங்கிலீஷில் பேச்சுக்கென்று தனித் தாள் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. மாணவர் இருவர் இருவராக உள்ளே போகிறார்கள். அதன் கடைசிப் பகுதியில் பரீட்சகர் ஒதுங்கிக்கொள்ள, மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும், ஒருவரை ஒருவர் கேட்கவேண்டும். கோலசிலாங்கூரிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் இப்போது வளரும் பிள்ளைகள் அந்த அறைக்குள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவர்களுடைய ஆசிரியர்களே எழுதவேண்டும். வெளியிலிருந்து நான் சொல்வது முறையாகாது.

அடுத்த இதழில் தோட்டப் பள்ளி உபாத்தியாயர்களின் சம்பளத்தையும் பயிற்சியையும் பற்றிப் பார்ப்போம். அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங், ரந்தாவ் பாஞ்சாங், தென்னமரம் முதலிய இடங்களில் பழைய பெட்டி வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு. அந்தப் பெட்டிகளில் தாத்தாவின் இங்கிலீஷ் பள்ளி ரிப்போர்ட்டு புத்தகம் இருந்தால், வாசிப்புக்கும் சம்பாஷணைக்கும் போட்ட மார்க்கையும், அதன் அருகில் உபாத்தியாயர் எழுதிய ஒற்றை வரியையும் பிரதி எடுத்து இத்தொடருக்குக் கொடுத்து உதவுங்கள். பெயரை மறைத்தே வெளியிடுவேன். துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கிராணி உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவர் அதற்கு வாங்கிய சம்பளம் எவ்வளவு என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.